யூடியூப் காசு முதல் தடவ பேங்க்குக்கு வந்து சேர்ற வரைக்கும் என்னென்ன பண்ணணும்

எங்க அம்மா அருப்புக்கோட்டையில வீட்லயே முப்பது வருஷமா பிளவுஸ் தைக்கிறாங்க. அளவு பிளவுஸ வச்சு லைனிங் பிளவுஸ் எப்படி வெட்டுறதுன்னு நான் ஒரு நாள் போன்ல எடுத்து யூடியூப்ல போட்டேன், கமெண்ட்ல நெறைய பேரு "அக்கா கை வெட்டுறத இன்னும் மெதுவா காட்டுங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க, அப்படியே சேனல் வளர்ந்துச்சு. வீடியோ எடுக்கறதும் எடிட் பண்றதும் செய்யச் செய்ய கை வந்துரும், அதப்பத்தி சொல்ல ஆயிரம் பேரு இருக்காங்க. மானிடைசேஷன் (வீடியோவுல காசு வர யூடியூப் குடுக்குற அனுமதி) கிடைச்ச பிறகு முதல் காசு அம்மா பாஸ்புக்ல ஏற எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. அதுல பாதிக்கு மேல பேர், அட்ரஸ், பேங்க் கோடு இந்த மூணையும் முதல்லயே சரியா வைக்காததால போன நாள். உங்களுக்கு அது வேண்டாம்னுதான் ஒண்ணொண்ணா எழுதுறேன்.

1. காசு யார் பேர்ல வரணும்னு முதல் நாளே முடிவு பண்ணுங்க

வீடியோவுல அம்மா, கேமரா பிடிக்கிறது மகன், ஜிமெயில் மருமகளோடது, பேங்க் அக்கவுண்ட் அப்பாவோடது. நம்ம வீடுகள்ல பாதி சேனல் இப்படித்தான் ஓடுது. காசு வர்றது ஆட்சென்ஸ்ங்கற கூகுளோட பேமெண்ட் அக்கவுண்ட் மூலமா, ஒரு ஆளுக்கு ஒரு ஆட்சென்ஸ்தான். உங்க பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்து மறந்துட்டு (காலேஜ் டைம்ல பிளாக்குக்கு எடுத்தது மாதிரி) இன்னொண்ணு தொறந்தீங்கன்னா டூப்ளிகேட்னு சொல்லி நிறுத்திருவாங்க. வயசு 18 ஆகியிருக்கணும், பசங்க சேனல்னா அப்பா அம்மா பேர்ல எடுக்கணும்.

சேனலுக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் தொறந்துருங்க. அதுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோட இன்னொரு தடவையும் நீங்கதானான்னு சரி பாக்குறது) போட்டே ஆகணும், அது இல்லாம மானிடைசேஷனுக்கு அப்ளை பண்ண முடியாது. அதுல குடுக்குற போன் நம்பர், ரீசார்ஜ் பண்ணாம விட்டு போயிடற ரெண்டாவது சிம்மா இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, ஆட்சென்ஸ்ல அக்கவுண்ட் டைப்னு தனிநபரா நிறுவனமான்னு கேக்கும். பின்னாடி மாத்த முடியாது. கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருந்தா ஒழிய தனிநபர்னே குடுங்க.

2. பேர் சரி பண்றது (இத அப்ளை பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க)

இதத்தான் நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன். நம்ம ஊர்ப் பேர்ல இனிஷியல் இருக்கு, வெளிநாட்டு ஃபார்ம்ல முதல் பேர், கடைசிப் பேர்னு ரெண்டு கட்டம் இருக்கும். அதுவும் பொம்பளைங்களுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு இனிஷியல், பின்னாடி ஒரு இனிஷியல். எங்க அம்மாவுக்கு ஆதார்லயும் பேங்க்லயும் எங்க அப்பா பேரோட இனிஷியல், பான் கார்டுல மட்டும் தாத்தா பேர் முழுசா கடைசிப் பேரா இருந்துச்சு. நான் ஆட்சென்ஸ்ல அம்மா பேரையும் அப்பா பேரையும் முழுசா சேத்து மூணாவதா ஒரு விதமா அடிச்சு வச்சேன். பாக்குறவங்களுக்கு மூணும் ஒரே ஆளுன்னு எப்படி தெரியும்?

ஒரு பேப்பர் எடுத்து ஆதார், பான், பாஸ்புக் மூணுலயும் இங்கிலீஷ்ல பேர் எப்படி இருக்குன்னு எழுத்து எழுத்தா எழுதிப் பாருங்க. முத்துலட்சுமின்னு ஒரு பேருக்கே ஹெச் வரும், வராது, ரெண்டு வார்த்தையா பிரியும், எத்தன விதம் இருக்கு. மூணுல எது தப்பா இருக்கோ அத மாத்துங்க, பேங்க்ல இருக்கறதுதான் ஆட்சென்ஸ்லயும் இருக்கணும். இனிஷியல் மட்டும் இருந்தா கடைசிப் பேர் கட்டத்துல அந்த இனிஷியலையே போடுங்க, நீங்களா விரிச்சு எழுதாதீங்க.

பான் திருத்தத்துக்கு நூறு ரூபாய்க்கு கொஞ்சம் மேல ஆகும், ஆன்லைன்லயே பண்ணலாம், எங்களுக்கு மூணு வாரத்துல கார்டு வந்துச்சு. இதுவரைக்கும் பானே எடுக்கலன்னா இன்கம்டாக்ஸ் வெப்சைட்ல ஆதார் ஓடிபி வச்சு இ-பான் இலவசமா எடுக்கலாம், ஆதார்ல இருக்கற பேரே அப்படியே வரும், அதனால ஆதார்ல பேர் சரியா இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. செல்லு நம்பர் ஆதாரோட சேந்திருக்கணும்.

3. எப்ப அப்ளை பண்ணலாம்

விளம்பரக் காசுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பாத்ததும் வேணும். மணி நேரத்துக்கு பதிலா கடைசி 90 நாள்ல ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ் இருந்தாலும் சரி. ஷார்ட்ஸ் ஃபீட்ல பாக்குற நேரம் அந்த 4,000ல சேராது, இது தெரியாம தினமும் ஷார்ட்ஸா போட்டுட்டு மணி நேரம் ஏறலன்னு நெறைய பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. பழைய வீடியோவ டெலிட் பண்ணாலோ பிரைவேட் ஆக்குனாலோ அதோட மணி நேரமும் கழிஞ்சிரும்.

இதுக்கு முன்னாடியே ஒரு சின்னப் படி இருக்கு. 500 சப்ஸ்கிரைபர், 90 நாள்ல 3 வீடியோ, அதோட 3,000 மணி நேரம் அல்லது 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸ் இருந்தா உள்ள சேரலாம். விளம்பரக் காசு வராது, மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் மாதிரி பாக்குறவங்க நேரடியா குடுக்குறது மட்டும்தான். ஆனாலும் அப்பவே சேந்துருங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஆட்சென்ஸ் இணைக்கிறது, டாக்ஸ் ஃபார்ம் எல்லாம் அப்பவே முடிஞ்சிரும், 1,000 தொட்டதும் திரும்ப முதல்ல இருந்து அப்ளை பண்ண வேண்டியதில்ல.

சப்ஸ்கிரைபர், வாட்ச் ஹவர்ஸ் வாங்கித் தர்றோம்னு வாட்ஸாப்ல ரேட்டு போட்டு அனுப்புவாங்க. குடுக்காதீங்க. அந்த மணி நேரத்த யூடியூப் கழிச்சிரும், சேனலுக்கே ஆபத்து. நீ எனக்கு சப் பண்ணு நான் உனக்கு பண்றேன்ங்கற குரூப்பும் அதே கததான், அவங்க யாரும் உங்க வீடியோவ உக்காந்து பாக்கப் போறதில்ல.

4. அப்ளை பண்றதுக்கு முன்னாடி சேனல கூட்டிப் பெருக்குங்க

அம்மா மிஷின்ல உக்காந்தாலே பக்கத்துல ரேடியோ ஓடும், அது அவங்க பழக்கம். ஒரு வீடியோவுல ஆர்ம்ஹோல் வளைவு போடுற இடம், சாக்குக்கட்டி துணியில கிறீச்னு போற சத்தம், அதுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு சினிமாப் பாட்டு. எனக்கு எடிட் பண்றப்போ காதுலயே விழல. அப்லோடு பண்ணி பத்து நிமிஷத்துல காப்பிரைட் கிளெய்ம்னு வந்துருச்சு, எங்களோட அதிகம் பாத்த வீடியோவே அதுதான்.

பதறாதீங்க, கிளெய்ம் வேற, ஸ்டிரைக் வேற. கிளெய்ம்னா பெரும்பாலும் அந்த வீடியோவோட விளம்பரக் காசு பாட்டுக்காரங்களுக்குப் போகும், அவ்வளவுதான், சில நேரம் வீடியோ சில நாடுகள்ல தெரியாம போகும். யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ள (சேனல நடத்துறவங்களுக்கான பக்கம்) போய் அந்த இடத்துல பாட்ட மட்டும் மியூட் பண்ணலாம், இல்லாட்டி அந்தத் துண்ட வெட்டி விடலாம், வீடியோவ டெலிட் பண்ணணும்னு இல்ல, வியூஸும் அப்படியே இருக்கும். ஸ்டிரைக்தான் பெரிய விஷயம், 90 நாளைக்கு நிக்கும், அதுக்குள்ள மூணு சேந்துச்சுன்னா சேனலே போயிரும். பின்னணிக்கு பாட்டு வேணும்னா ஸ்டூடியோவுலயே ஆடியோ லைப்ரரி இருக்கு, காசு கிடையாது.

அடுத்தவங்க வீடியோவ எடுத்துப் போட்டதும், ஒரே மாதிரி வீடியோவ மிஷின்ல அச்சடிக்கிற மாதிரி போட்டதும் ரிவ்யூவுல அடிபடும். 2025 ஜூலை 15ல இருந்து இந்த விதிய இன்னும் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. ஏஐ குரல வச்சு நெட்ல இருந்த படத்த ஓட்டி நூறு வீடியோ போட்டவங்க அப்ளை பண்ணா கஷ்டம்தான். கை தெரியுதா, குரல் உங்களுதா, நீங்க சொல்லிக் குடுக்குறது ஏதாவது இருக்கா, அதத்தான் பாக்குறாங்க.

அப்புறம் ஆடியன்ஸ் செட்டிங்ல குழந்தைகளுக்கானதுன்னு தெரியாம போட்டு வச்சிருந்தா மாத்துங்க. அதப் போட்டா கமெண்டும் வராது, விளம்பரமும் கொறையும்.

5. அப்ளை பண்றது

ஸ்டூடியோவுல ஏர்ன்ங்கற பக்கத்துல பட்டன் வரும். விதிமுறைக்கு சம்மதம், ஆட்சென்ஸ் இணைப்பு, அப்புறம் ரிவ்யூ. பொதுவா ஒரு மாசத்துக்குள்ள பதில் வரும், எங்களுக்கு பதினோரு நாள்ல வந்துச்சு. முடியாதுன்னு சொல்லிட்டா 21 நாளைக்குள்ள அப்பீல் பண்ணலாம், இல்லன்னா 30 நாள் கழிச்சு சரி பண்ணிட்டு மறுபடி அப்ளை பண்ணலாம்.

சரின்னு மெயில் வந்த உடனே வேல முடிஞ்சதுன்னு நெனச்சு நாங்க எட்டு நாள் சும்மா இருந்துட்டோம். வாட்ச் பேஜ் விளம்பரம், ஷார்ட்ஸ் விளம்பரம்னு ரெண்டு ஒப்பந்தம் தனித்தனியா இருக்கு, உள்ள போய் ரெண்டுக்கும் சம்மதம் குடுத்த நாள்ல இருந்துதான் காசு ஓட ஆரம்பிக்கும். முந்தின நாள் வியூஸுக்கு கெடைக்காது. சாதாரண வீடியோவுல விளம்பரக் காசுல 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ்ல நம்ம பங்குக்கு ஒதுக்குறதுல 45 சதவீதம்.

உங்க வீடியோவுல வர்ற விளம்பரத்த நீங்களே அமுக்காதீங்க, சொந்தக்காரங்ககிட்டயும் "கிளிக் பண்ணி விடுங்க"ன்னு சொல்லாதீங்க. பாசத்துல பண்ணுவாங்க, ஆட்சென்ஸ் அக்கவுண்ட் முடங்கிரும்.

6. அமெரிக்க டாக்ஸ் ஃபார்ம்

பேரப் பாத்தே பயந்து நெறைய பேரு இத தள்ளிப் போடுறாங்க. இருபது நிமிஷ வேல. ஆட்சென்ஸ்ல பேமெண்ட்ஸ் பகுதியில அமெரிக்க டாக்ஸ் விவரம்னு ஒரு இடம் இருக்கும். இந்தியாவுல இருக்கற தனிநபருக்கு டபிள்யூ-8 பென் ஃபார்ம். வெளிநாட்டு டாக்ஸ் நம்பர் கேக்குற இடத்துல பான் நம்பர போடணும். வரி ஒப்பந்தம் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லி இந்தியாவ தேர்ந்தெடுங்க, ராயல்டி வகைக்கு 15 சதவீதம்னு இருக்கற வரி விகிதத்த தேர்ந்தெடுங்க. கடைசியில கையெழுத்துன்னு பேர டைப் பண்ணச் சொல்லும், மேல இருக்கற பேர் எப்படியோ அப்படியே அடிக்கணும்.

இந்த 15 சதவீதம் அமெரிக்காவுல இருந்து பாத்தவங்களால வந்த காசுக்கு மட்டும்தான், மதுரைக்காரங்க பாத்த காசுல அவங்க கை வைக்க மாட்டாங்க. ஒப்பந்தத்த காட்டாம விட்டா 30 சதவீதம். ஃபார்மே குடுக்காம விட்டா உலகம் முழுக்க வந்த மொத்தத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் பிடிப்பாங்க. ஃபார்ம் காலாவதியும் ஆகும், மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா குடுக்கணும், போன் காலண்டர்ல இப்பவே போட்டு வைங்க.

7. பின் லெட்டர்

கணக்குல 10 டாலர் சேந்ததும் அட்ரஸ் சரியான்னு பாக்க ஒரு லெட்டர் அனுப்புவாங்க, சில பேருக்கு அதுக்கு முன்னாடி கவர்மெண்ட் ஐடி போட்டோவும் கேக்கும். லெட்டருக்குள்ள ஆறு இலக்க நம்பர் இருக்கும், அத ஆட்சென்ஸ்ல போட்டாத்தான் காசு அனுப்புவாங்க. ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும்னு சொல்றாங்க. நம்பர் உருவான நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள போடலன்னா உங்க விளம்பரமே நின்னுரும்.

இது ரிஜிஸ்டர் தபால் கிடையாது. டிராக்கிங் கிடையாது, கையெழுத்தும் கேக்க மாட்டாங்க. ஓரமெல்லாம் ஓட்டை போட்டு கிழிச்சுத் தொறக்கற மாதிரி வெள்ளையா மெல்லிசா ஒரு காகிதம், பேங்க் விளம்பரம்னு நெனச்சு யாரும் தூக்கிப் போட்டுருவாங்க.

எங்களுக்கு முதல் லெட்டர் வரவே இல்ல. தெருவுல எல்லா வீட்டுக்கும் பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு இருக்கு, நான் ஆட்சென்ஸ்ல பழச மட்டும் போட்டுட்டேன், அந்த நம்பர் இப்ப நாலு வீடு தள்ளி இருக்கற இன்னொரு வீட்டோட புது நம்பர். அங்க பூட்டிக் கெடந்துச்சு. ரெண்டாவது தடவ கேக்குறப்போ இப்படி மாத்தினேன்: முதல் வரியில புது நம்பர், சாய்வு கோடு, பழைய நம்பர், தெருப் பேர். ரெண்டாவது வரியில பக்கத்துல இருக்கற கோயில் பேர், அதோட வீட்டுல இருக்கற போன் நம்பர். பின்கோடு சரியா இருக்கான்னு தபால்காரர்கிட்டயே கேட்டேன். கிராமமா இருந்தா போஸ்ட் பேரும், எந்த ஊர் வழின்னும் கண்டிப்பா எழுதுங்க, வெறும் ஊர்ப் பேரும் மாவட்டமும் பத்தாது.

தபால்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கறது ரொம்ப முக்கியம். நான் போன்ல அந்த லெட்டரோட படத்தக் காட்டி "அண்ணே, அம்மா பேருக்கு இந்த மாதிரி ஒண்ணு வரும், வந்தா போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். பத்தொன்பதாவது நாள் அவரே வீட்டு வாசல்ல நின்னு "யம்மா, வந்துருச்சு"ன்னு கூப்பிட்டாரு. அம்மா கையில சாக்குத்தூளோட ஓடி வந்து, கத்திரிக்கோல் வேண்டாம்னு ஓரத்த நகத்தாலயே கிழிச்சாங்க.

மறுபடி பின் கேக்கணும்னா மூணு வாரம் காத்திருக்கணும். முதல் லெட்டரோட சேத்து மொத்தம் நாலு தடவதான், அதுக்கும் வரலன்னா ஐடி அப்லோடு பண்ணி சரி பாக்கற வழிய காட்டும். கோவத்துல நம்பர தப்புத் தப்பா அடிச்சுப் பாக்காதீங்க, அதுக்கும் கணக்கு இருக்கு.

8. பேங்க்

இங்கதான் ரெண்டு மாசம் போச்சு. டாலர்ல வர்ற காசுக்கு ஐஎஃப்எஸ்சி கோடு பத்தாது, ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணத்துக்கு பேங்க்க அடையாளம் காட்டுற கோடு) வேணும், 8 எழுத்தா இருக்கும், இல்ல 11 எழுத்தா இருக்கும். எல்லா கிளைக்கும் ஸ்விஃப்ட் கோடு இருக்காது. எங்க கிளையில ஒருத்தரு ஒரு கோடு எழுதிக் குடுத்தாரு, அத போட்டோம், அனுப்பின பணம் சேராம திரும்பிப் போச்சு. அப்படி திரும்புனா ஆட்சென்ஸ்ல பணம் அனுப்பறத நிறுத்தி வச்சிருவாங்க, நாம புது விவரம் குடுத்து அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்கணும்.

நீங்க கிளைக்குப் போறப்போ இப்படிக் கேளுங்க: "வெளிநாட்டுல இருந்து டாலர்ல ஒயர் வரும், என் அக்கவுண்ட் நம்பருக்கு ஏற எந்த ஸ்விஃப்ட் கோடு போடணும், எழுதிக் குடுங்க." கவுண்டர்ல தெரியலன்னா ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) பாக்குற கிளை எதுன்னு கேட்டு அங்கயே போங்க, ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்ல. பெரும்பாலும் அந்த ஃபாரெக்ஸ் கிளையோட கோட போட்டு, உங்க கிளை அக்கவுண்ட் நம்பர குடுக்கச் சொல்லுவாங்க. அப்பவே இதையும் கேட்டுக்குங்க: ஒரு தடவ வர்றதுக்கு எவ்வளவு பிடிப்பீங்க, டாலர் ரேட்டு எப்படிப் போடுவீங்க. பேங்க்குக்கு பேங்க் நல்ல வித்தியாசம் இருக்கு.

முதல் தடவ பணம் வந்ததும் இது எதுக்கு வந்துச்சுன்னு பேங்க்ல இருந்து கூப்பிட்டு கேப்பாங்க, ஒரு டிக்ளரேஷன் ஃபார்மும் பர்ப்பஸ் கோடும் (எதுக்கான பணம்னு சொல்ற கோடு) கேப்பாங்க. விளம்பர வருமானம்னு சொல்லுங்க, ரிசர்வ் பேங்க் லிஸ்ட்ல விளம்பரத்துக்கான கோடு பி1007. பான் நகலும் ஆட்சென்ஸ் பேமெண்ட் ரசீதோட பிரிண்டும் கையில இருக்கட்டும். அந்த போன எடுக்காம விட்டா பணம் பேங்க்லயே தொங்கிக்கிட்டு நிக்கும். கேட்டா வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு சான்று தருவாங்க, அத வாங்கி ஒரு ஃபைல்ல போடுங்க.

9. தேதிக் கணக்கு

100 டாலர் சேராம அனுப்ப மாட்டாங்க, சேரலன்னா அடுத்த மாசத்தோட சேரும். ஜனவரியில சம்பாதிச்சது பிப்ரவரி 7ல இருந்து 12க்குள்ள ஆட்சென்ஸ்ல ஏறும், 21ல இருந்து 26க்குள்ள அனுப்புவாங்க. பின், டாக்ஸ், பேங்க் எது பாக்கி இருந்தாலும் 20ஆம் தேதிக்குள்ள முடிச்சிருக்கணும், இல்லன்னா ஒரு மாசம் தள்ளிரும். அனுப்பின பிறகு பேங்க்ல ஏற ஒரு வாரம் வரைக்கும் பொறுங்க. ஸ்டூடியோவுல தினமும் காட்டுற தொக உத்தேசம்தான், அத நம்பி மிஷின் தவணை போட்டுறாதீங்க. எங்களுக்கு முதல் தடவ 117 டாலர், பேங்க் கமிஷன் அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் போக 9,400 சொச்சம் ஏறுச்சு.

10. சேனல் வளந்ததும் வர்ற மெயில்

காசு வர ஆரம்பிச்சதும் "உங்களோட விளம்பர ஒப்பந்தம் போடணும்"னு மெயில் வரும், கூடவே ஒப்பந்தம்னு சொல்லி ஒரு ஃபைல் இருக்கும். அத கம்ப்யூட்டர்ல தொறந்தா நீங்க லாகின் பண்ணி வச்சிருக்கறதையே திருடிட்டுப் போயிரும், டூ ஸ்டெப் இருந்தும் சேனல் கைமாறிடும். நிஜமான கடைக்காரங்க போன்ல பேசுவாங்க, பொருள அனுப்புவாங்க. ஜிப் ஃபைல் வந்தா தொறக்கவே வேண்டாம். யூடியூப்ல இருந்து பேசுறோம், ஓடிபி சொல்லுங்கன்னா வச்சிருங்க.

11. நம்ம ஊர் வரி

இது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும். சின்னத் தொகதானேன்னு விடாதீங்க, டாலர்ல வந்தது பேங்க்ல பதிவாகி இருக்கும். டிரைபாடு, மைக்கு, நெட் பில்லு, துணி வாங்கின ரசீது எல்லாம் செலவுல காட்டலாம், அதனால ரசீத சேத்து வைங்க. அமெரிக்காவுல பிடிச்ச 15 சதவீதத்த இங்க கட்டற வரியில கழிச்சுக்க வழி இருக்கு, அதுக்கு தனி ஃபார்ம் குடுக்கணும், இந்த விஷயம் தெரிஞ்ச ஆடிட்டரா பாத்து போங்க. வருஷ வரவு 20 லட்சத்த தாண்டுற மாதிரி இருந்தா ஜிஎஸ்டி பத்தியும் அவர்கிட்டயே கேட்டுருங்க. அம்மாவோட ஃபைல்ல இப்ப ஆட்சென்ஸ் ரசீது மாசத்துக்கு ஒண்ணா, பேங்க் சான்று அதுக்குப் பின்னாடி ஒண்ணா குத்தி வச்சிருக்கோம், ஆடிட்டர்கிட்ட போனா அத அப்படியே குடுத்துட்டு வந்துடறோம்.